சொந்தக்காரர் சாட்சி

மக்கா, இந்தக் கடிதத்தை உன்னிடம் கேட்காமல் நம் தளத்திலேயே போட்டுவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மாற்றியதையும் என்னிடமே சொல்லி வைத்தாயே, அது உன் தப்பு. நைட்டி விற்கிற இடத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். மாசியில் நீங்கள் இரண்டு பேரும் சென்னைக்குக் குடி போகிறீர்கள். நேரில் உட்கார வைத்து உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆரம்பித்தால், "போதும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். இங்கே எழுதினால் முழுசையும் படித்துத்தான் ஆக வேண்டும். நைட்டி வாங்க வந்தவர்களும் இதைப் படிக்கட்டும். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே மறுபடியும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

சங்கரன்கோவிலில் எந்தத் தெருவுக்குப் போனாலும் காலையில் ஒரே காட்சிதான். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் பால் வாங்கப் போவார்கள், பூ வாங்கப் போவார்கள், பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றப் போவார்கள். ஒரு கையில் போன், ஒரு கையில் வீட்டுச் சாவி. பையை எங்கே பிடிப்பது, பிள்ளையை எங்கே பிடிப்பது? இதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் பருத்தி நைட்டிக்கு இரண்டு பக்கமும் ஆழமாகப் பாக்கெட் வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். ரஹ்மத் வந்து சேர்ந்துகொண்டாள். கடையநல்லூரில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்; அவள் வெட்டினால் துணி வீணாகாது. பிறகு இன்னும் சில பெண்கள் வந்தார்கள். உன் அப்பா திருவேங்கடம் ஊருக்குப் போகிற டவுன் பஸ்ஸை ஓட்டுகிறார். நாள் முழுக்கப் பெண்கள் ஏறி இறங்குகிற வண்டி, ஆனால் நம் நைட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவருக்கு வெட்கம். நீயோ கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு, மொட்டை மாடிக் கொடியில் நைட்டியைத் தொங்கவிட்டு, வெயில் எந்தப் பக்கம் விழுந்தால் பாக்கெட் நன்றாகத் தெரியும் என்று சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தாய். எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நீ அவர்களையும் கூப்பிட்டு எந்தக் கலர் நன்றாக இருக்கிறது என்று கேட்டாய். அன்றைக்கே எனக்கு உன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது, சொல்லவில்லை.

தளம் ரெடியானது. ஒருவரும் வரவில்லை. நைட்டி என்று தேடினால் நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்க நீ பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாய், எனக்குக் கண் வலித்தது. நம் தளத்தில்தான் நல்ல துணி, நல்ல தையல் என்று அழகாக எழுதியிருக்கிறதே, அது தெரியாதா இந்தத் தேடுபொறிக்கு என்று கேட்டேன். அப்போது நீ சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "அம்மா, நம்மள நாமளே நல்லாருக்குன்னு சொன்னா அது விளம்பரம். வேற ஒருத்தங்க அவங்க தளத்துல நம்ம தளத்துக்கு வழி வச்சாத்தான் அது மதிக்கும். அதுக்குப் பேருதான் பேக்லிங்க்" என்றாய். வழி வைப்பதென்றால், அவர்கள் எழுதியிருப்பதில் ஓர் இடத்தைத் தொட்டால் நேராக நம் தளத்துக்கு வந்து நிற்க வேண்டும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், வாசலில் தையல் போர்டு மாட்டியும் யாரும் வரவில்லை. தெருமுக்குக் கடைக்காரர் தன்னிடம் கேட்டவர்களிடம் நம் வீட்டைக் கைகாட்டிய பிறகுதான் ஜாக்கெட் தைக்கக் கூட்டம் வந்தது. அவருக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் மனைவியின் ஜாக்கெட் அளவு சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கைகாட்டுகிறவரை எங்கே போய்த் தேடுவது? நீ தேடிய விதம்தான் எனக்கு ஆச்சரியம். முதலில் நீ யாரிடமும் போய் நிற்கவில்லை. பிறர் கைகாட்டும்படி நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாய். வயிற்றில் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவளுக்கு நைட்டி எப்படி இருக்க வேண்டும், அளவு எங்கே எடுக்க வேண்டும், எந்த இடத்தில் தையல் வரக்கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றாய். பிள்ளைகள் எல்லாம் ஆபரேஷனில் பிறந்ததால் ரஹ்மத்துக்கு எல்லாம் தெரியும். கல்யாணமாகாத பையனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அவள் முதலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். நீ சிரிக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாய். கொஞ்ச நேரத்தில் அவளே உனக்குத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பெண்களின் உடம்பைப் பற்றிக் கூசாமலும் கொச்சைப்படுத்தாமலும் கேட்கத் தெரிந்த ஆண்பிள்ளையை நான் வளர்த்திருக்கிறேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. உன் மனைவியிடமும் இப்படியே கேள். தெரிந்ததாக நினைத்துக்கொள்ளாதே.

பிறகு கோயம்புத்தூர் அம்மாவைக் கண்டுபிடித்தாய். பிரசவ வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்காக ஒரு தளத்தில் எழுதுகிறார், ஏராளமான பேர் படிக்கிறார்கள். அவர் தளத்தில் உடை அளவு பற்றி ஓர் இடத்தில் தொட்டால் ஒன்றுமே திறக்கவில்லை, அவர் வழிகாட்டியிருந்த பக்கமே மூடிப் போயிருந்தது. நீ அதை அவருக்கு எழுதிச் சொன்னாய். இதே விஷயத்தை நாங்களும் எழுதியிருக்கிறோம், பயன்படும் என்று தோன்றினால் பாருங்கள் என்று கடைசியில் ஒரே ஒரு வரி. அவர் பதில் போடவில்லை. இன்னொரு தரம் கேளு என்று நான் நச்சரித்தேன், நீ அசையவில்லை. அப்புறம் ஒரு நாள், புதிதாகப் பிள்ளை பெற்ற ஒருத்திக்குக் கொடுத்துப் பார்க்க ஒரு நைட்டி அனுப்பச் சொன்னார், அனுப்பினோம். நன்றாக இருக்கிறது என்று சொல்வார் என்று பார்த்தால், பால் கொடுக்கும்போது ஜிப்பின் நுனி பிள்ளை கன்னத்தில் உரசுகிறது என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்று வளர்த்தவள் நான், எனக்கு ஜிப் வைக்கத் தெரியாதா என்று கத்தினேன். நீ மெதுவாக, "உனக்குத் தெரியும்மா. ஆனா உரசுனது பச்சப்பிள்ள கன்னத்துலல்லா" என்றாய். ஜிப்பின்மேல் மடிப்பு வைத்துத் தைத்து அனுப்பினோம். அவர், முதலில் என்ன குறை இருந்தது, அதை எப்படிச் சரி செய்தார்கள் என்று இரண்டையும் எழுதி, நம் தளத்துக்கு வழி வைத்தார். குறையை ஏன் எழுதினார் என்று எனக்கு மனத்தாங்கல். அந்தக் குறையைப் படித்துத்தான் ஜனங்கள் நம்மை நம்பினார்கள். அவர் வழியாக ஆட்கள் வந்தார்கள், அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுதினார்கள், தேடலில் நம் பெயர் மெல்ல மேலே வந்தது. சேலம், நாகர்கோவில், கொழும்பு என்று பார்சல் போயிற்று.

இந்த இடத்தில்தான் உன் மாமா வருகிறார். என் கூடப் பிறந்தவன் என்பதால் நான் எது வேண்டுமானாலும் சொல்லலாம். செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒரு சடங்கு வீடு என்றால் ஊரில் உள்ள சொந்தக்காரர் அத்தனை பேர் போட்டோவையும் போட்டு ஃப்ளெக்ஸ் அடித்துவிடுவான். ஒரு முகம் விட்டுப்போனாலும் அவனுக்குத் தூக்கம் வராது. ஊர் பேர் தெரியாத ஒருத்தி சொன்னதற்கே இவ்வளவு வியாபாரம் என்றால், நம் ஆட்கள் அத்தனை பேரும் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. நீ புது வேலைக்கான பயிற்சிக்காகச் சென்னையில் இருந்தாய். பனவடலிசத்திரத்தில் அவன் மச்சினன் கட்டிய புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்ததும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிட்டான். ரைஸ்மில், டிரைவிங் ஸ்கூல், டியூஷன் சென்டர், ரஹ்மத்தின் தம்பி துபாயில் வைத்திருக்கும் கார்கோ கம்பெனி, யாரிடமெல்லாம் தளம் இருந்ததோ அவர்கள் எல்லாரும் நைட்டிக்கு வழி வைக்க வேண்டியது, பதிலுக்கு நாம் அவர்களுக்கு வழி வைக்க வேண்டியது. விசேஷ வீட்டில் அவர்கள் நமக்குச் செய்ததை நாம் திருப்பிச் செய்கிற செய்முறை மாதிரிதானே என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்ததே நான்தான். நம் தளத்தில் "எங்கள் சொந்தங்கள்" என்று ஒரு புதுப் பக்கம் முளைத்தது. நைட்டிக்குக் கீழே நெல் அரவை, கனரக வாகனப் பயிற்சி, பத்தாம் வகுப்புக் கணக்கு. அவனுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் மூலமாக, ஆளில்லாத தளங்களில் எல்லாம் நம் பெயரைக் கொட்டியும் வைத்தான். பார்க்கப் பார்க்க எனக்குக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த மாதிரி நிறைவாக இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் தேடலில் நம்மைக் காணவே காணோம். கீழே போனது என்றுகூட இல்லை, பெயரைப் போட்டுத் தேடினால்கூட வரவில்லை. இயற்கையாக வராத இணைப்புகள், அதாவது ஆள் பிடித்து வைக்கச் சொன்ன வழிகள் என்று தேடுபொறிக்காரர்களிடமிருந்து அறிவிப்பு வந்திருப்பதாக நீ போனில் சொன்னாய். தீபாவளிக்கென்று வெட்டிய துணி தையலறையில் அடுக்கடுக்காகக் கிடந்தது. ரஹ்மத் என்னிடம் வந்து, "அக்கா, ஆளுகள நாளைக்கு வரச் சொல்லவா, வேண்டாமா?" என்று கேட்டாள். அந்த அறைக்கு வருகிற பெண்களில் இரண்டு பேர் வீட்டில் அவர்கள் கொண்டுபோவதை வைத்துத்தான் அடுப்பெரிகிறது. வரச் சொல்லு என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

நீ பஸ் பிடித்து வந்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன், நீ காப்பி கேட்டாய். பிறகு, எல்லா இணைப்பையும் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டு நடந்ததைத் தேடுபொறிக்காரர்களுக்கு எழுதி விண்ணப்பிக்க வேண்டும் என்றாய். ஆளில்லாத தளங்களில் கொட்டியதை, இவை எங்களுடையவை அல்ல, கணக்கில் எடுக்காதீர்கள் என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் சொந்தக்காரர்கள்? பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனதற்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் போன குடும்பம் நம்முடையது. போட்ட பெயரை எடு என்று எப்படிச் சொல்வது? தேடுபொறியே எடுத்துவிட்டது, நமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. போனில் சொல்லவும் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனாய். கொடுத்ததைச் சாப்பிட்டாய். நடந்தது இது, இப்படிச் செய்தால் எங்களுக்கு மட்டுமில்லை உங்களுக்கும் கெடுதல் என்று புரிய வைத்தாய். அதோடு திரும்பி வந்தாயா? அவரவர் தளத்தைத் திறந்து அவர்களுக்கு என்ன குறை என்று பார்த்தாய். சொந்தக்காரரின் ரைஸ்மில்லுக்கு வழி கேட்டால் மேப் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது, அதைச் சரி செய்தாய். டிரைவிங் ஸ்கூலில் பழைய போன் நம்பர், அதை மாற்றினாய். பெயரை எடுக்கப் போனவனைச் சாப்பிட வைத்து, மறுபடியும் எப்போது வருவாய் என்று கேட்டு அனுப்பினார்கள்.

உன் மாமாதான் அசையவில்லை. கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீ போய் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய். நானும் கூட வந்திருந்தேன்.

"அப்ப நாங்க சொல்லுதது செல்லாது, எவளோ கோயம்புத்தூர்க்காரி சொன்னா செல்லும். அப்படித்தானல?" என்றான்.

"ஆமா மாமா" என்றாய். "உங்க வரப்புக் கேஸுல எங்க அப்பா கூண்டேறிச் சொன்னத எடுக்கலல்லா? அப்பா பொய் சொல்லுதாங்கன்னா எடுக்கல? சொந்தக்காரர் சாட்சின்னுதான எடுக்கல. எனக்காக நீங்க என்னமும் சொல்லுவீங்கன்னு ஊருக்கே தெரியும் மாமா. அதனாலதான் எடுபட மாட்டேங்கு."

"அத்தான் அன்னைக்குச் சட்டையத் தேச்சுப் போட்டுட்டுல்லா வந்தாரு" என்றான் உன் மாமா. சொல்லிவிட்டுச் சிரித்தான், கண்ணையும் துடைத்துக்கொண்டான். எதிரில் இருந்த கம்ப்யூட்டரை உன் பக்கம் திருப்பி, நீயே எடுத்துவிடு என்றான். ஒருவனுக்கு இல்லை என்று சொல்லும்போதே, அவன் உன்மேல் வைத்திருக்கிற பிரியத்தை எடுத்துக் கையில் கொடுக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் பேசுவதை நிறுத்தத்தான் தெரியும். நாளைக்கு உன் மாமனார் வீட்டிலோ, வேலை பார்க்கிற இடத்திலோ மறுக்க வேண்டி வந்தால் இப்படியே மறு.

விண்ணப்பம் எழுதும்போதும் நான் குறுக்கே வந்தேன். வேண்டாதவர்கள் யாரோ செய்துவிட்டார்கள் என்று எழுதச் சொன்னேன். யார் என்றா கேட்கப் போகிறார்கள்? நீ, எங்கள் குடும்பத்தார் எங்களுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது, விதி தெரியாமல் செய்தது, எடுத்துவிட்டோம் என்று எழுதினாய். வீட்டில் ஏதாவது தப்பு நடந்தால் உன் மனைவியிடமும் இவ்வளவு நேராகச் சொல்லிவிடு, நாள் கடத்தாதே. பதில் வர நாளாயிற்று. தீபாவளியும் வந்து போயிற்று. ஆனால் பார், தையலறையில் ஒரு நாள்கூட மெஷின் நிற்கவில்லை. தேடலில் நாம் இல்லாத நாட்களிலும் கோயம்புத்தூர் அம்மா வைத்த வழி அப்படியே இருந்தது. அதைத் தொட்டு வந்துகொண்டே இருந்தார்கள். வழக்கமான கூட்டம் இல்லை, ஆனாலும் யாரையும் வர வேண்டாம் என்று சொல்லும்படி ஆகவில்லை. பிறகு ஒரு நாள் தடையை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. ரஹ்மத் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். நான் கோமதியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தேன். நீ உடனே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினாய்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நிச்சயதார்த்தத்தன்று உன் மாமனார் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். உன் ஜாதகம் கைக்கு வந்ததும் அவர் உன்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். நம் சொந்தத்தில் யாரிடமும் கேட்கவில்லை. சொந்தத்தில் கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? திருவேங்கடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி போர்வெல் போடுகிறார். உன் மாமாவிடம் போன் வாங்கப் போன இடத்தில் பழக்கமாகி, அவரும் நம் நைட்டிக்கு வழி வைத்து மாட்டிக்கொண்டவர். நமக்கு உறவும் இல்லை, சாதிசனமும் இல்லை. அவரிடமும் நீ போயிருக்கிறாய், என்னிடம் சொல்லவே இல்லை. பையன் எப்படி என்று உன் மாமனார் கேட்டதற்கு அந்த அண்ணாச்சி சொன்னாராம்: "எம் பேர எடுக்கணும்னு வந்து நின்னான். எடுத்துட்டும் போயிட்டான். எனக்குக் கோவமே வரல வே. கண்ண மூடிட்டுப் பொண்ணக் குடும்."

இதை உன் மாமனார் சொன்னதும், பந்தியில் ஆள் குறைகிறது என்று பொய் சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் நின்று அழுதேன். இத்தனை வருஷமாக அக்கம்பக்கத்தில், பஸ்ஸில், துணிக்கடையில் என்று கண்ட இடத்திலெல்லாம் உன்னைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறேன். என் பையனைப் போல வருமா என்று கேட்டிருக்கிறேன். அது ஒன்றுகூட உனக்கு உதவவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதர் சொன்ன ஒரு வார்த்தையில் உனக்குக் கல்யாணம் முடிவானது, அந்த வார்த்தையை அவரிடம் கேட்டு வாங்க நீ போகவில்லை. இப்போது நான் எழுதியிருக்கும் இதுவும் சொந்தக்காரி சாட்சிதான், யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எடுக்க வேண்டாம். நீ நல்லவன், மக்கா. உன் அம்மா சொல்கிறேன்.